பகல் வெயிலை இரவுக்கு எடுத்துவைப்பது: இலங்கையின் மின்வலையமைப்பும் பற்றரியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி தாண்டியதும் நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். அன்றிலிருந்து கூரையில் சோலார் போட்டவர்கள், போடலாமா என்று யோசிப்பவர்கள், மின்சாரக் கட்டணத்தைப் பார்த்துத் தலையில் கை வைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மின்வேலையோடு பல வருடம் பழகியவன் என்பதால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஒரு குரங்கால் நாடே இருண்டு போகுமா?

குரங்கு வந்தது உண்மைதான். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியோடு தொடுகைப்பட்டதாக மின்சக்தி அமைச்சரே அன்று சொன்னார். ஆனால் குரங்கு, காகம், முறிந்து விழும் தென்னோலை, மின்னல் எல்லாம் உலகத்தில் எல்லா மின்வலையமைப்புக்கும் தினமும் வருகிற தொல்லைதான். உறுதியான வலையமைப்பு என்றால் அந்த இடத்தில் மட்டும் மின்சாரம் போகும், மற்ற இடங்களில் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்துவிட்டுச் சரியாகும். அன்று அப்படி நடக்கவில்லை. ஓரிடத்தில் வந்த கோளாறு முழு வலையமைப்பையும் ஆட்டியது, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவாட், மொத்தம் 900. நிலக்கரி இயந்திரம் திடீரென்று நின்றால் ஸ்விட்சைப் போட்டதும் ஓடாது, மறுபடி சூடேற்றி ஓட்ட நாட்கள் பிடிக்கும். கரண்ட் அன்று மாலையே வந்துவிட்டாலும் அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர வெட்டு வந்தது இதனால்தான்.

ஆகவே குரங்கு ஏன் வந்தது என்பதைவிட, ஒரு இடத்தில் பட்ட அடியை மற்ற இடங்கள் ஏன் தாங்கவில்லை என்பதுதான் நாம் கேட்கவேண்டியது.

சோலார் கூடிப்போனதால்தான் என்று சொல்கிறார்களே?

இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை விளங்கிக்கொண்டால்தான் மீதிக்கு வரலாம்.

பாரம் ஏற்றிய மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மாடு ஒரு கணம் தடுமாறினாலும் பெரிய சில்லு சுழன்றுகொண்டே இருக்கும், வண்டி உடனே நிற்காது. நுரைச்சோலையிலும் விக்டோரியா நீர்மின் நிலையத்திலும் சுழல்கிற பல தொன் எடையுள்ள இரும்புதான் நம் வலையமைப்பின் பெரிய சில்லு. எங்காவது ஒரு நிலையம் விழுந்தால் அந்த இரும்பின் வேகம் மெதுவாகத்தான் குறையும், அதற்குள் மற்ற நிலையங்கள் கூடுதலாகத் தள்ள ஆரம்பித்துவிடும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகிறது, 50 ஹேர்ட்ஸ். அந்த 50 கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை, வேகமாக இறங்கினால்தான் ஆபத்து, ஏனென்றால் ஒவ்வொரு நிலையமும் தன் இயந்திரத்தைக் காப்பாற்றத் தானே விலகிக்கொள்ளும், அந்த விலகலே அடுத்த நிலையத்தை விழுத்தும்.

சோலார் தகட்டில் சுழல்கிற பாகம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலையும் அலுவலகமும் பூட்டு, நல்ல வெயில். அந்த வேளையில் நாட்டின் தேவையில் ஏறத்தாழ பாதி சூரிய ஒளியிலிருந்து வந்துகொண்டிருந்தது, அதற்கு இடம்விட்டு வேறு இயந்திரங்களைக் குறைத்திருந்தார்கள், சில்லின் எடை குறைந்திருந்தது. அடி விழுந்ததும் வண்டி சட்டென்று நின்றுவிட்டது.

சரி, அப்படியானால் சோலார்தானே குற்றவாளி என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில். 2020 ஆகஸ்ட் 17ல் கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு நாட்டையே இருட்டாக்கியபோது கூரைகளில் இன்றைய அளவில் பாதி சோலார்கூட இல்லை. 2023 டிசம்பர் 9 மின்தடை வெயில் சாய்ந்த மாலை வேளையில் வந்தது. வலையமைப்பின் பலவீனம் பழையது, சோலார் அதை வெளியே காட்டியிருக்கிறது. 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரைச் சோலார் திட்டத்தைத் தொடங்கி, ஒரு அலகுக்கு (ஒரு கிலோவாட்மணி) முதல் ஏழு வருடம் 22 ரூபாய் தருகிறோம், வாருங்கள் போடுங்கள் என்று மக்களை அழைத்தார்கள். மக்கள் நம்பிக் கடன் எடுத்துப் போட்டார்கள், ஆயிரம் மெகாவாட்டையும் தாண்டிவிட்டது. அந்த மின்சாரத்தைத் தாங்குகிற வேலை மட்டும் கூடவே நடக்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்து 'உன் கூரையால்தான் நாடு இருண்டது' என்று சொல்வது எனக்குக் கொஞ்சமும் ஏற்கவில்லை.

பற்றரி இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்?

இரண்டு வேலை. ஒன்று, அடி விழுந்த அந்தக் கணத்தில் தாங்குவது. இன்னொன்று, பகல் வெயிலை இரவுக்கு எடுத்துவைப்பது. பலரும் இரண்டாவதைத்தான் பேசுகிறார்கள், வலையமைப்பைக் காப்பாற்றுவது முதலாவது.

இதற்கு உலகம் பார்த்த நல்ல உதாரணம் தெற்கு அவுஸ்திரேலியா. 2016 செப்டெம்பர் 28ல் அங்கே புயல் வந்து உயர் அழுத்தக் கோபுரங்களைச் சாய்த்தது, மின்னழுத்தம் அடுத்தடுத்துத் தாழ்ந்தது, சில காற்றாலைகள் 'இத்தனை தடவைக்கு மேல் தாழ்ந்தால் விலகு' என்று முன்பே வைக்கப்பட்டிருந்த அமைப்பின்படி விலகின, அயல் மாநிலத்திலிருந்து வந்த கம்பியும் பாரம் தாங்காமல் துண்டித்துக்கொண்டது, மாநிலமே இருண்டது. சுமார் 8,50,000 இணைப்புகள். அங்கேயும் முதல் நாளிலேயே காற்றாலைமீது பழி போட்டார்கள்.

ஆனால் அதன்பிறகு அவர்கள் செய்ததைப் பாருங்கள். முதலில் காற்றாலைகளின் அந்த அமைப்பை மாற்றினார்கள். அதற்குக் கோபுரம் கட்டுகிற செலவு ஒன்றும் இல்லை. அடுத்த வருடமே ஹோர்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பற்றரி வைத்தார்கள், அப்போது லித்தியம் பற்றரியில் உலகத்திலேயே பெரியது அதுதான். ஒப்பந்தம் போட்டு 100 நாளுக்குள் முடிக்காவிட்டால் காசு வேண்டாம் என்று ஈலோன் மஸ்க் சொன்னது அதற்குத்தான், நாள் முடிவதற்கு முன்பே முடித்தும் கொடுத்தார்கள். 2017 டிசம்பர் 1ல் ஓடத் தொடங்கியது. இரண்டு வாரத்தில், டிசம்பர் 14 அதிகாலை, அயல் மாநிலமான விக்டோரியாவில் லோய் யாங் நிலக்கரி நிலையத்தின் 560 மெகாவாட் இயந்திரம் ஒன்று விழுந்தது. அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் தள்ளியிருந்த பற்றரி, யாரும் சொல்லாமலே, ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் வலையமைப்புக்குள் மின்சாரத்தைத் தள்ள ஆரம்பித்தது. தள்ளியது வெறும் 7 மெகாவாட்தான். என்றாலும் அந்த வேகத்தில் எந்த அனல் நிலையமும் எழும்பாது.

2020ல் அந்தப் பற்றரியை 150 மெகாவாட்டாகப் பெருப்பித்தார்கள். 2021ல் மின்சாரம் பிறப்பிக்காமல் சும்மா சுழல்வதற்கென்றே நான்கு பெரிய இயந்திரங்களை நிறுவினார்கள், எடையான சில்லு வேண்டும் என்பதற்காக. இன்று அந்த மாநிலத்தின் வருட மின்சாரத்தில் மூன்றில் இரண்டுக்கு மேல் காற்றும் வெயிலும்தான்.

10 மெகாவாட் என்கிறார்கள், 40 மெகாவாட்மணி என்கிறார்கள், எது எது?

வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினையுங்கள். குழாயின் பருமன் மெகாவாட், தாங்கியின் கொள்ளளவு மெகாவாட்மணி. 10 மெகாவாட், 40 மெகாவாட்மணி என்றால் முழுக் குழாயையும் திறந்துவிட்டால் நான்கு மணி நேரம் ஓடும். அடியைத் தாங்க பெரிய குழாய் போதும், இரவைக் கடக்கப் பெரிய தாங்கியும் வேண்டும். பத்திரிகையில் ஒரு எண்ணை மட்டும் போட்டால் மற்றதையும் கேளுங்கள்.

இலங்கைக்கு எவ்வளவு வேண்டும், எங்கே வைக்கப்போகிறார்கள்?

நம் நாட்டின் உச்சத் தேவை மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில் வருகிறது. வெயில் போய், எல்லா வீட்டிலும் விளக்கு, விசிறி, ரீவி, சமையல் ஒன்றாகத் தொடங்குகிற நேரம், 2,500 மெகாவாட்டைத் தாண்டும். அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் விலை கூடிய டீசலையும் எண்ணெயையும் எரிக்கிறோம். 2022ல் டொலர் இல்லாமல் எண்ணெய் வாங்க முடியாமல் 13 மணி நேர வெட்டு வந்தது, பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்தார்கள். இதைப் பேசும்போது எனக்கு அந்த நாட்கள்தான் முன்னே நிற்கின்றன.

16 உப மின்நிலையங்களில் தலா 10 மெகாவாட், நான்கு மணி நேரம் தாங்குகிற பற்றரிகளுக்கு மின்சார சபை 2025ல் கேள்விப்பத்திரம் கோரியது. கூட்டினால் 160 மெகாவாட், 640 மெகாவாட்மணி. இரவு உச்சத்தோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனால் ஒரே இடத்தில் குவிக்காமல் 16 இடங்களில் பிரித்து வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பாணந்துறையில் அடி விழுந்தாலும் மற்ற இடத்துப் பற்றரிகள் தாங்கும். வெயில் மின்சாரம் அதிகம் சேரும் இடத்திலேயே அதை உறிஞ்சிக்கொள்ளவும் வசதி.

விக்டோரியா, கொத்மலை எல்லாம் இருக்கிறதே, அதுவே பற்றரி இல்லையா?

ஓரளவு ஆம், நம்மிடம் உள்ள நல்ல சொத்து அது. பகலில் தண்ணீரை மறித்து வைத்துவிட்டு மாலையில் திறந்தால் வெயிலை இரவுக்குத் தள்ளிய மாதிரித்தான். விக்டோரியா மட்டும் 210 மெகாவாட். ஆனால் மகாவலித் தண்ணீருக்கு வயல் என்ற முதல் உரிமைக்காரர் இருக்கிறார். நெல்லுக்குத் தண்ணீர் திறக்க வேண்டிய நாளில் மின்சாரத்துக்காக மறிக்க முடியாது, வரட்சி வந்தால் இருப்பும் இல்லை.

பகலில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் கீழே விடுகிற நிலையம் வேறு விடயம். மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு அப்படி ஒன்று திட்டமாக இருக்கிறது. நல்லதுதான், கட்டவேண்டும். ஆனால் மலையைக் குடைந்து கட்ட வருடக்கணக்கு எடுக்கும், பற்றரிப் பெட்டிகளை ஒரு வருடத்துக்குள் வைத்துவிடலாம். லித்தியம் பற்றரியின் விலையும் 2010ல் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டது. இரண்டும் வேண்டும், முதலில் பற்றரி.

சித்திரைப் புத்தாண்டுக்கு சோலாரை நிறுத்தச் சொன்னது நியாயமா?

2025 ஏப்ரலில், 13ஆம் திகதியிலிருந்து 21ஆம் திகதிவரை, பிற்பகல் 3 மணிவரை கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். தொழிற்சாலைகள் பூட்டு, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள், தேவை இறங்கும், பெப்ரவரியில் நடந்தது மறுபடி நடந்துவிடக்கூடாது என்ற பயம். அந்த வாரத்துக்கு அது தேவையாக இருந்திருக்கலாம், நானும் நிறுத்தினேன். ஆனால் இலவசமாக வருகிற வெயிலை எறிந்துவிட்டு அன்று இரவே எண்ணெய் எரிப்பது எவ்வளவு பெரிய நட்டம்! அந்தப் பகல்களில் பற்றரிகள் இருந்திருந்தால் சும்மா நிரம்பியிருக்கும்.

கரண்ட் போனால் என் வீட்டுச் சோலாரும் ஏன் நிற்கிறது? வெயில்தான் இருக்கிறதே!

பெப்ரவரி 9 அன்று எனக்கு வந்த முதல் தொலைபேசி அழைப்பே இதுதான். சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற பெட்டிதான் இன்வேர்ட்டர். சாதாரண இன்வேர்ட்டர் வெளிக் கம்பியில் வருகிற 50 ஹேர்ட்ஸைப் பார்த்து அதன் தாளத்துக்குத்தான் ஆடும். தாளம் நின்றால் அதுவும் நிற்கவேண்டும், அது சட்டம். இல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற ஊழியருக்கு உங்கள் கூரையிலிருந்து போகிற மின்சாரம் அடிக்கும். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விடயம், குறுக்கு வழி தேடாதீர்கள்.

கரண்ட் போனாலும் ஓடவேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் வேண்டும். அது வெளிக்கம்பியைத் துண்டித்துவிட்டு வீட்டுக்குள் மட்டும் தானே தாளம் போடும். இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிற இன்வேர்ட்டர்களும் வந்துவிட்டன, வலையமைப்புக்கே தாளம் போடக்கூடியவை. புதிதாக வைக்கிற பெரிய பற்றரிகளில் இவைதான் இருக்கவேண்டும் என்று கேள்விப்பத்திரத்திலேயே கேட்கவேண்டும்.

உச்சி வெயிலில் என் இன்வேர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. நம் கம்பியில் 230 வோல்ற் இருக்கவேண்டும். தெருவில் பத்து வீடு ஒரே நேரத்தில் வெளியே தள்ளும்போது, கம்பி மெல்லியதாக, மின்மாற்றி தூரமாக இருந்தால் வோல்ற்றேஜ் ஏறிவிடும், இன்வேர்ட்டர் பயந்து விலகும். கடைசி வீட்டுக்காரருக்குத்தான் அடி. எங்கள் வீடும் தெருவின் கடைசிதான், மாசி பங்குனியில் மதியம் ஒரு மணி நேரமாவது போய்விடும். மீற்றரில் வோல்ற்றேஜை மதியமும் இரவும் எழுதி ஒரு கிழமைக் கணக்கோடு முறைப்பாடு கொடுங்கள். 'ஓடவில்லை' என்று மட்டும் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். மதியத்தில் மோட்டர் போட்டுத் தாங்கியை நிரப்புவது, உடுப்புத் தோய்ப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் அந்த வோல்ற்றேஜைக் கொஞ்சம் இறக்கும், இன்றே செய்யலாம்.

வீட்டுக்குப் பற்றரி வாங்கலாமா?

கணக்கைப் பாருங்கள். மூன்று விசிறி, ஒரு குளிர்சாதனப் பெட்டி, விளக்குகள், ரீவி, இணைய றவுட்டர் எல்லாம் சேர்ந்து ஓர் இரவுக்கு மூன்று அலகு, கூடினால் நான்கு. ஆகவே 5 அலகுப் பற்றரி ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் போதும். தண்ணீர் மோட்டரும் இஸ்திரிப்பெட்டியும் றைஸ் குக்கரும் அதில் போட நினைத்தால் பெரிய இன்வேர்ட்டர் வேண்டும், விலை எகிறும். அவற்றை வெயில் நேரத்துக்கு மாற்றுவது புத்தி.

வகை என்றால் லித்தியம் இரும்பு பொஸ்பேற்று. ஈயப் பற்றரி விலை குறைவுதான், ஆனால் தினமும் ஏற்றி இறக்கினால் சில வருடத்தில் செத்துவிடும். எரியாதா என்று கேட்பீர்கள். லித்தியம் வகைகளுக்குள் இது பாதுகாப்பானது, இருந்தாலும் படுக்கையறையிலோ மாடிப்படிக்குக் கீழோ வைக்காதீர்கள், நிழலும் காற்றும் உள்ள வெளிச்சுவர் நல்லது. கடற்கரையோரம் இருந்தால் உப்புக் காற்று படாத மூடிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

லாபமா? இரவு உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து வலையமைப்புக்குக் கொடுத்தால் அலகுக்கு 45 ரூபாயையொட்டி விலை என்று 2025ல் அறிவித்தார்கள், பகல் விலையில் இரு மடங்குக்கும் மேல். அந்த விலை கையில் எழுத்தாக, வருடக் கணக்கோடு கிடைத்தால் போடலாம். வாய்ப்பேச்சை நம்பிக் கடன் எடுக்காதீர்கள், விலை மாறி ஏமாந்த பல குடும்பங்களை எனக்குத் தெரியும்.

காற்றாலை போதாதா? காற்று இரவிலும் அடிக்குமே?

அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் தொடங்கினால் மன்னாரும் புத்தளமும் நம் மின்சுரங்கம் மாதிரி. மன்னாரின் தம்பபவனியில் 30 காற்றாலை, 2020 டிசம்பரில் திறந்தது, 100 மெகாவாட்டுக்குச் சற்று மேல். ஆனால் சோளகம் போனால் காற்றும் குறையும், அதனால் வெயிலும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மன்னார் மத்திய ஆசியாவிலிருந்து வருகிற பறவைகளின் பாதை, அங்குள்ள வங்காலை சரணாலயம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள இடம். 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் மேலதிகக் காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள், வெள்ளம் வடிவது, மீன்பிடி, பறவை என்று அவர்கள் சொன்னவை நிலத்தில் வாழ்பவர்கள் சொல்கிற விடயங்கள். பசுமை என்று பெயர் வைத்துவிட்டால் கேட்காமல் நடலாம் என்று ஆகாது. காற்றாலையை விரும்புகிறவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

இந்தியாவோடு கம்பி இழுத்தால் பிரச்சினை தீருமா?

மதுரையிலிருந்து அநுராதபுரத்துக்குக் கடலுக்கடியால் கம்பி என்று பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. வந்தால் மிஞ்சும் வெயிலை விற்கலாம், தட்டுப்பாட்டில் வாங்கலாம். ஆனால் கம்பியும் ஒருநாள் அறுபடும், தெற்கு அவுஸ்திரேலியாவில் கம்பி துண்டித்த கணத்தில்தான் முழு இருட்டு வந்தது. கம்பி இருந்தாலும் நாட்டுக்குள் பற்றரி வேண்டும்.

இதெல்லாம் சின்ன இடத்தில் செய்து பார்த்திருக்கிறார்களா?

யாழ்ப்பாணத்துக்கு அப்பாலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு நாட்டின் பெரிய வலையமைப்பின் கம்பி போகாது. டீசல் இயந்திரந்தான், அதற்கான எண்ணெயையும் கடல் தாண்டிக் கொண்டுபோகவேண்டும். அங்கே சோலார், காற்று, பற்றரி மூன்றையும் சேர்த்து வைக்கிற வேலை முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய் நின்று, 2024 மார்ச்சில் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்று, 2,400 அலகு கொள்ளும் பற்றரி, கைகாவலுக்கு 2,500 கிலோவாட் டீசல் என்று திட்டம். மாதம் 90 அலகு பாவிக்கிற வீட்டுக்கு நாளைக்கு மூன்று அலகு, ஆகவே அந்தப் பற்றரி 800 வீட்டின் ஒருநாள் மின்சாரம்.

நான் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே மாரி மழையில் நான்கு நாள் வெயில் இல்லாதபோது டீசல் எத்தனை மணி நேரம் ஓடியது, உப்புக் காற்றில் பற்றரியும் இன்வேர்ட்டரும் எப்படி நின்றன, பழுதென்றால் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஆள் போக எவ்வளவு நேரமானது என்ற கணக்கை மின்சார சபை மாதாமாதம் வெளியிடவேண்டும். 16 இடத்துப் பற்றரிகளைப் பராமரிக்கப்போகிறவர்களுக்கு முதல் பாடம் அந்த மூன்று தீவிலிருந்துதான் வரும்.